பெயர்களை நினைவில் வைக்கும் கணிப்பொறி

ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடம். மாணவர்களின் கோப்புகள் எல்லாம் ஒரு மையக் கணிப்பொறியில் இருக்கின்றன. மேசைகளில் உள்ள கணிப்பொறிகள் கம்பி வழியே அதனோடு இணைக்கப்பட்டவை. எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இயங்குதளம் இயங்குகிறது. ஒரு மாணவி இரண்டாம் மேசையில் அமர்ந்து ‘ஒளியியல்’ என்ற தன் கோப்பைத் திறக்க முயன்றாள். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பதில் வந்தது. அதை இன்னும் சேமிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. முதல் மேசைக்கு ஓடினாள், சேமித்தாள், திரும்பி வந்து மீண்டும் திறந்தாள்.

மறுபடியும் ‘இல்லை’!

முதல் மேசையிலோ கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. செய்முறைப் பாடத்தின் கணக்கை ஒப்படைக்க வேண்டிய நேரம். அவள் எழுதவே இல்லை என்று ஆசிரியர் நினைத்தார். அவளுக்கோ அழுகை வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே, அதே கோப்பு இரண்டாம் மேசையில் திறந்துகொண்டது.

கணிப்பொறி பொய் சொன்னதா? இல்லை. அது பழைய உண்மையைச் சொன்னது. அது எப்படி என்று பார்ப்போம்.

பெயரிலிருந்து எண்ணுக்கு

இயங்குதளத்தின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கோப்பைத் திறப்பது, மூடுவது, நினைவகத்தைப் பங்கிடுவது எல்லாம் இதன் பொறுப்பு. நமக்குக் கோப்பு என்றால் ஒரு பெயர். கெர்னலுக்கோ ஓர் எண். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில் இந்த ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோடு’ என்ற ஒரு குறிப்பேடு உண்டு. கோப்பின் நீளம், உரிமையாளர், தட்டில் அது இருக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். பெயர் மட்டும் அதில் இராது!

பெயர் எங்கே இருக்கிறது? கோப்புறையில். கோப்புறை என்பதும் ஒரு கோப்புதான். ‘இந்தப் பெயருக்கு இந்த எண்’ என்ற பட்டியலே அதன் உள்ளடக்கம்.

இப்போது ‘/வீடு/மலர்/இயற்பியல்/ஒளியியல்’ என்ற முகவரியைக் கெர்னலிடம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சாய்கோடு வேர்க் கோப்புறையைக் குறிக்கும். கெர்னல் வேரின் ஐநோடைப் படிக்க வேண்டும்; பிறகு அதன் பட்டியலைப் படித்து ‘வீடு’ என்பதன் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து ‘வீடு’ என்பதன் ஐநோடு, அதன் பட்டியல், பிறகு ‘மலர்’, பிறகு ‘இயற்பியல்’. நான்கு கோப்புறைகளுக்கு எட்டு வாசிப்புகள். கடைசியில் ‘ஒளியியல்’ கோப்பின் ஐநோடு. ஆக மொத்தம் ஒன்பது வாசிப்புகள்.

கொஞ்சம் கணக்கு

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் ஒரு வன்தட்டை எடுத்துக்கொள்வோம். அப்படியானால் நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் படிப்பு முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான வட்டத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லி நொடி. ஆக ஒரு வாசிப்புக்குச் சுமார் 13 மில்லி நொடி. ஒன்பது வாசிப்புக்கு 117 மில்லி நொடி.

இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் முதன்மை நினைவகத்தில் ஒன்றைப் படிக்க ஆகும் நேரம் ஏறத்தாழ 100 நானோ நொடிதான். அதே நான்கு படிகளையும் நினைவகத்திலேயே முடித்தால் ஒன்றிரண்டு மைக்ரோ நொடி போதும். இந்த வேறுபாட்டை நம் வாழ்க்கை அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒன்று 1 நொடியில் முடியும் வேலை என்றால், மற்றது ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும் வேலை! சுழலும் தட்டே இல்லாத இன்றைய திண்மநிலைச் சேமிப்பிலும் வேறுபாடு சில நூறு மடங்கு இருக்கும்.

ஒரு நிரல் தொடங்கும்போதே பல பத்துக் கோப்புகளைத் தேடும். 1980-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூனிக்சை மேம்படுத்தியவர்கள் தங்கள் கெர்னலின் நேரம் எதில் செலவாகிறது என்று அளந்தபோது, பெயர் தேடும் வேலை பெரும்பங்கை விழுங்குவதைக் கண்டார்கள். 1986-இல் வெளிவந்த 4.3பிஎஸ்டி பதிப்பில், தேடிக் கண்ட பெயர்களை நினைவகத்தில் குறித்துவைக்கும் வழக்கம் வந்தது. இப்படிக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் சேமிப்பைக் கேஷ் என்பார்கள். லினக்சில் இப்போதுள்ள பெயர்க் கேஷ், 1999 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பின் மூலம் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. இதன் ஒவ்வொரு குறிப்புக்கும் ‘டென்ட்ரி’ என்று பெயர்.

தபால்காரரின் அறைகள்

ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர் முதல் நாள் ஒவ்வொரு தெருமுனையிலும் வழி கேட்பார். ஒரு மாதம் கழிந்தால் நேரே வீட்டு வாசலுக்குப் போய்விடுவார். டென்ட்ரியும் அப்படித்தான். ‘இந்தக் கோப்புறையில் இந்தப் பெயர் இந்த ஐநோடைக் குறிக்கும்’ என்பதே அதன் செய்தி.

ஆனால் பல லட்சம் குறிப்புகளில் வேண்டியதை எப்படி எடுப்பது? தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் அறைகளைப் பார்த்திருப்பீர்கள். கெர்னலும் அப்படி அறைகளை வைத்திருக்கிறது. பெயரின் எழுத்துகளையும் அது இருக்கும் கோப்புறையின் அடையாளத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு ஓர் எண்ணைப் பெறுகிறது. அந்த எண் எந்த அறை என்று சொல்லிவிடும். இதற்கு ஹாஷ் முறை என்று பெயர். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணிப்பொறியில் இத்தகைய அறைகள் சுமார் 10 லட்சம் இருக்கும். ஓர் அறையில் இரண்டு மூன்று குறிப்புகள் சேர்ந்துவிட்டால் அவற்றை மட்டும் ஒப்பிட்டால் போதும். கோப்புறையின் அடையாளம் ஏன் வேண்டும்? மலரிடமும் கபிலனிடமும் தனித்தனியே ‘ஒளியியல்’ இருக்கலாம் அல்லவா?

பெயர் தமிழில் இருந்தால் கெர்னல் திணறுமோ என்று நீங்கள் கேட்கலாம். திணறாது. அதற்குப் பெயர் என்பது வெறும் பைட்களின் வரிசை. யூனிகோடின் வழக்கமான எழுத்து முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். ‘ஒளியியல்’ என்பதில் உயிர்க்குறிகளும் புள்ளியும் உட்பட 8 குறிகள். ஆகவே 24 பைட். ஒரு பெயருக்குரிய எல்லை 255 பைட் என்பதால், 85 தமிழ்க் குறிகள் வரை எழுதலாம்.

முழு முகவரியை ஏன் வைப்பதில்லை?

படிப்படியாக வைப்பதைவிட, முழு முகவரியையும் ஒரே குறிப்பாக வைத்தால் இன்னும் விரைவாக இராதா? நல்ல கேள்வி. ஒரு தெருவின் பெயரை நகராட்சி மாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடுதோறும் முழு முகவரியை எழுதி வைத்திருந்தால் அத்தனை வரிகளையும் அடித்துத் திருத்த வேண்டும். தெருப் பெயர் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே திருத்தம் போதும். அதுபோல ‘மலர்’ என்ற கோப்புறையின் பெயரை மாற்றினால், கெர்னல் அந்த ஒரு டென்ட்ரியை மட்டும் மாற்றுகிறது. அதற்குள்ளே ஆயிரம் பெயர்கள் இருந்தாலும் அவை தொடப்படுவதில்லை. ஒவ்வொரு டென்ட்ரியும் தன் தாய்க் கோப்புறையைச் சுட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் என்ன என்பது பிள்ளைக்கு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழி நினைவில் இருப்பதால் கதவு தானாகத் திறந்துவிடாது. ஒவ்வொரு கோப்புறையைக் கடக்கும்போதும் ‘இவருக்கு அனுமதி உண்டா?’ என்ற சோதனை ஒவ்வொரு முறையும் நடக்கும்.

‘இல்லை’ என்ற குறிப்பு

‘இங்கே அப்படி ஒருவரும் இல்லை’ என்பதையும் நல்ல தபால்காரர் நினைவில் வைப்பார். கெர்னலும் வைக்கிறது! இதை எதிர்மறை டென்ட்ரி எனலாம். நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டினால், அதற்குரிய நிரலைக் கணிப்பொறி வரிசையாகப் பல கோப்புறைகளில் தேடும். பெரும்பாலான இடங்களில் பதில் ‘இல்லை’ என்பதே. பழைய கோப்பு அமைப்புகளில் ‘உண்டு’ என்று சொல்லப் பட்டியலின் பாதியிலேயே நிறுத்தலாம். ‘இல்லை’ என்று சொல்லவோ கடைசி வரி வரை படித்தாக வேண்டும். ஆகவே ‘இல்லை’ என்பதை மறப்பது அதிகச் செலவு.

அதே பெயரில் பிறகு கோப்பு உருவானால்? உருவாக்குவதும் கெர்னல் வழியாகத்தானே நடக்க வேண்டும்! அந்த நொடியிலேயே ‘இல்லை’ என்ற குறிப்பு ‘உண்டு’ என்று மாறிவிடும். தன்னைக் கேட்காமல் யாரும் குடியேறவோ வெளியேறவோ முடியாது என்பதால்தான் இந்த நினைவை நம்பலாம்.

நினைவுக்கும் விலை உண்டு. ஒரு டென்ட்ரி சுமார் 192 பைட். பத்து லட்சம் குறிப்புகளுக்கு 19 கோடி பைட்டுக்கு மேல். இடம் நெருக்கடியாகும்போது, அண்மையில் பயன்படாதவை உதிர்க்கப்படும். பிள்ளை இருக்கும்வரை தாய் உதிர்வதில்லை. மரத்தில் இலை முதலில், கிளை பிறகு.

பலர் ஒரே நேரத்தில்

இன்றைய செயலிகளில் பல உட்கருக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. முன்பெல்லாம் ஒரு டென்ட்ரியைக் கடக்கும்போது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அதில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும். வேர்க் கோப்புறை வழியே எல்லோரும் போவதால் அங்கே நெரிசல் ஏற்பட்டது. 2011 மார்ச்சில் வந்த 2.6.38 பதிப்பில் நிக் பிகின் என்பவரின் முயற்சியால் இது மாறியது. ஒவ்வொரு டென்ட்ரியிலும் ஒரு மாற்ற எண் உண்டு. படிக்கும் முன் அதைப் பார். படித்த பின் மீண்டும் பார். எண் மாறவில்லை என்றால் படித்தது சரி; எதையும் எழுத வேண்டியதில்லை. மாறியிருந்தால் பழைய முறைப்படி நிதானமாகத் தேடு.

மாணவியின் கோப்பு

இப்போது கணிப்பொறிக் கூடத்துக்குத் திரும்புவோம். மாணவி முதலில் தேடியபோது இரண்டாம் மேசையின் கெர்னல் ‘ஒளியியல் இல்லை’ என்று குறித்துக்கொண்டது. அவள் சேமித்ததோ முதல் மேசையில். அந்த மாற்றம் இரண்டாம் மேசையின் கெர்னல் வழியாக நடக்கவில்லை. மையக் கணிப்பொறியை ஒவ்வொரு முறையும் கேட்டால் வேகம் குறையும். எனவே லினக்சின் வலைக் கோப்பு முறையில், கோப்புறை பற்றிய செய்தியை 30 முதல் 60 நொடி வரை கேள்வியின்றி நம்புவது வழக்கம். அந்தக் கெடு முடிந்ததும் அது மீண்டும் கேட்டது, கோப்பு தெரிந்தது. ‘உண்டு’ என்பதை மட்டும் நினைவில் வை, ‘இல்லை’ என்பதை ஒவ்வொரு முறையும் கேள் என்று அமைக்கவும் வழி உண்டு. அந்தக் கூடத்தில் அப்படி அமைத்திருந்தால் மாணவி அழுதிருக்க வேண்டியதில்லை. அதற்கு விலை, ஒவ்வொரு ‘இல்லை’க்கும் சற்றுத் தாமதம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே. ஒரு செயலியைத் தொட்டதும் அது திறக்கிறதே, அதற்குள் எத்தனையோ பெயர்கள் தேடப்பட்டிருக்கும். லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அதை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள ஒரு கோப்புறையில், உள்ளடுக்குகளிலும் சேர்த்து ஒரு பெயரைத் தேடச் சொல்லி, ஆகும் நேரத்தைக் குறியுங்கள். உடனே அதையே மறுபடி செய்யுங்கள். இரண்டாவது முறை மிக விரைவாக முடியும்; கோப்புறைப் பட்டியல்களும் டென்ட்ரிகளும் இப்போது நினைவகத்தில் இருக்கின்றன. பிறகு அந்தப் பெயரில் ஒரு புதுக் கோப்பை அங்கே உருவாக்கி மூன்றாம் முறை தேடுங்கள். அது தவறாமல் அகப்படும். வேகத்தைவிட வியப்பானது அதுதான்.