‘நாம் வென்றோம்’: காற்பந்து இறுதியாட்டங்களும் பெருந்திரள் பார்வையாளர்களும்

ஒரு நாட்டு மக்களுள் பெரும்பகுதியினர் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. அலைவரிசைகள் பெருகிவிட்டன. ஒரே வீட்டில் வாழும் நால்வர் நான்கு திரைகளில் நான்கு நிகழ்ச்சிகளைப் பார்க்கின்றனர். விரும்பிய நிகழ்ச்சியை விரும்பிய நேரத்தில் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. இத்தகைய சூழலிலும் சில காற்பந்து ஆட்டங்கள் பழைய ஒருமிப்பை மீண்டும் உருவாக்குகின்றன. 2014ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் ஜெர்மனியும் அர்ஜெண்டினாவும் மோதிய உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஜெர்மனியில் மட்டும் 34 மில்லியனுக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் கண்டனர். அந்நேரத்தில் அந்நாட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நூறு பேரில் ஏறத்தாழ 86 பேர் அந்த ஒரே ஆட்டத்தைப் பார்த்தனர். 2022ஆம் ஆண்டு இறுதியாட்டத்தைப் பிரான்சில் ஏறத்தாழ 24 மில்லியன் பேர் கண்டனர்.

எல்லா ஆட்டங்களுக்கும் இவ்வரவேற்பு கிட்டுவதில்லை. திறன்மிக்க வீரர்கள் ஆடும் குழுக்களின் ஆட்டங்கள் வாரந்தோறும் ஒளிபரப்பாகின்றன. அவற்றை இவ்வளவு பேர் பார்ப்பதில்லை. ஆகவே, ஆட்டத்தின் தரம் ஒன்றே காரணமாகாது. வேறு காரணங்கள் யாவை என்பதையும், அவற்றுள் மொழிக்கு உள்ள பங்கு யாது என்பதையும் இவ்வுரையில் ஆராய்வோம்.

1. ‘பார்த்தனர்’ என்னும் வினைச்சொல்

காரணங்களுக்குச் செல்லுமுன் எண்களைப் படிக்கும் முறையைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. ‘இத்தனை பேர் பார்த்தனர்’ என்னும் தொடர் எளிமையாகத் தோன்றினும் அதற்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. முதலாவது சராசரி: ஆட்டம் நடந்த நேரம் முழுவதையும் கணக்கிற்கொண்டு, ஒரு நிமிடத்திற்குச் சராசரியாக எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது. இரண்டாவது உச்சம்: மிகுதியானோர் பார்த்த அந்தச் சில நிமிடங்களின் எண்ணிக்கை. மூன்றாவது எட்டுகை: சிறிது நேரமேனும் பார்த்தவர் அனைவரையும் சேர்த்த தொகை.

இம்மூன்றும் வெகுவாக வேறுபடும். பிரான்சும் குரோஷியாவும் ஆடிய 2018ஆம் ஆண்டு இறுதியாட்டத்தைப் பற்றி ஃபிஃபா வெளியிட்ட கணக்கின்படி, உலகளாவிய சராசரிப் பார்வையாளர் 517 மில்லியன். ஆட்டத்தின் ஏதேனும் ஒரு பகுதியைப் பார்த்தவரையும் சேர்த்தால் 1.1 பில்லியனுக்கும் மேல். ஒரே ஆட்டம், ஒரே அமைப்பின் கணக்கு. ஆயினும் ஓர் எண் மற்றதைப்போல் இரு மடங்கு. செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்கின்றன. ‘பார்த்தனர்’ என்றால் எவ்வளவு நேரம் பார்த்தனர் என்று கேட்க மாணவர்கள் பழகுவது நல்லது. கணக்கிடும் முறையும் காலந்தோறும் மாறுகிறது. அமெரிக்காவில் முன்னர் வீட்டில் பார்த்தவர் மட்டுமே கணக்கில் வந்தனர். அண்மைய ஆண்டுகளில் உணவகங்களிலும் பொதுவிடங்களிலும் பார்ப்பவரும் சேர்க்கப்படுகின்றனர். எனவே, இரு வேறு காலத்து எண்களை ஒப்பிடும்போது முறை மாறியதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

2. அருமையும் முடிவும்

முதற்காரணம் அருமை. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. இன்று தோற்றால் அடுத்த வாரம் ஈடுசெய்யலாம். உலகக் கிண்ண இறுதியாட்டமோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதில் தோற்ற குழுவுக்கு அடுத்த வாய்ப்பு நான்கு ஆண்டு கழித்தே, அவ்வாய்ப்பும் உறுதியன்று. நாள்தோறும் கிடைப்பதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அரிதாகக் கிடைப்பதற்காக வேலையை ஒதுக்கிவைக்கிறோம். திருவிழா ஆண்டுக்கொரு முறை வருவதாலேயே திருவிழாவாகிறது.

இரண்டாவது, முடிவு. தொடர்கதை பல கிளைகளாக விரியலாம். இறுதியாட்டம் ஒரே புள்ளியில் முடிந்தாக வேண்டும். ஆட்டம் சமநிலையில் இருந்தால் கூடுதல் நேரம், அதுவும் போதாதெனில் பெனால்டி உதைகள் என்று, அன்றிரவே ஒருவர் வெற்றியாளர் ஆகும்படி விதிகள் அமைந்துள்ளன. 2022ஆம் ஆண்டு அர்ஜெண்டினாவும் பிரான்சும் 3–3 எனச் சமநிலையில் நின்று, பெனால்டி உதைகளில் அர்ஜெண்டினா 4–2 என வென்றது. காத்திருப்பவருக்கு விடை கிடைத்தே தீரும் என்னும் உறுதி அவரைத் திரைமுன் அமர்த்துகிறது.

3. நிகழ்காலத்தின் ஆற்றல்

மூன்றாவது, முடிவு தெரியாமை. பொருளியலறிஞர் சைமன் ராட்டன்பர்க் 1956ஆம் ஆண்டு பேஸ்பால் விளையாட்டை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், முடிவு முன்கூட்டியே தெரியாமலிருப்பதே மக்களை ஆட்டத்திற்கு இழுக்கிறது என்னும் கருத்தை முன்வைத்தார். விளையாட்டுப் பொருளியலில் அக்கருத்து இன்றும் பேசப்படுகிறது.

மொழியியல் நோக்கில் இதனைக் காலம் என்னும் இலக்கணக் கூறோடு இணைத்துப் பார்க்கலாம். நேர்முக வருணனை நிகழ்காலத்தில் அமைகிறது: ‘பந்தைப் பெறுகிறார், கடத்துகிறார், கோலை நோக்கி உதைக்கிறார்.’ மறுநாள் நாளிதழ் இறந்தகாலத்தில் எழுதுகிறது: ‘கோல் அடித்தார்.’ தமிழுலகில் ‘இரட்டை வழக்கு’ பற்றிய ஆய்வால் நன்கறியப்பட்ட சார்ல்ஸ் ஃபெர்குசன், விளையாட்டு வருணனையாளரின் பேச்சைத் தனியொரு மொழிநடையாகக் கொண்டு 1983ஆம் ஆண்டு ஆராய்ந்தார். எழுவாயையும் துணைவினையையும் விட்டுவிட்டு விரையும் குறுந்தொடர்களை அந்நடையின் இயல்புகளாக அவர் காட்டினார். கண்முன் நிகழ்வதைச் சொல்லி முடிக்குமுன் அடுத்தது நிகழ்ந்துவிடுகிறது. மொழி அதற்கு ஈடுகொடுக்கச் சுருங்குகிறது. முடிவு தெரிந்தபின் அதே ஒளிப்பதிவை முழுமையாகப் பார்க்க விரும்புவோர் சிலரே. திரைப்படத்தை மறுநாளும் பார்க்கலாம். இறுதியாட்டம் நிகழ்காலத்தில் மட்டுமே முழுச்சுவை தருவது.

எனினும், முடிவு தெரியாமை மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. 2014ஆம் ஆண்டு அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலுக்கு எதிராக 29 நிமிடங்களுக்குள் ஐந்து கோல்களைப் போட்டது. இறுதியில் 7–1 என வென்றது. முதற்பாதியிலேயே முடிவு தெரிந்துவிட்ட அவ்வாட்டத்தின் சராசரிப் பார்வையாளர் ஜெர்மனியில் மட்டும் 32 மில்லியனுக்கும் மேல். ஐயம் தீர்ந்த பின்னரும் மக்கள் ஏன் எழுந்து செல்லவில்லை? அதற்கான விடையை அடுத்த இரு காரணங்களில் தேடலாம்.

4. ‘எல்லாருக்கும் தெரியும்’ என்னும் அறிவு

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையிலோ கோப்பிக்கடையிலோ ஒருவர் மற்றவரிடம், ‘ஆட்டம் பார்த்தீர்களா?’ என்று கேட்கிறார். எந்த ஆட்டம், எந்த நாடு, எந்த நாள் என்பன எவையும் சொல்லப்படவில்லை. ஆயினும் கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் குழப்பமில்லை. ‘ஆட்டம்’ என்னும் பொதுப்பெயர் அன்று ஒரு சிறப்புப்பெயரின் வேலையைச் செய்கிறது. ஒரு சொல் இவ்வாறு அடையின்றி நிற்க வேண்டுமெனில், இருவருக்கும் அது தெரிந்திருந்தால் மட்டும் போதாது. மற்றவருக்குத் தெரியும் என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதனைப் பொது அறிதல் எனலாம்.

அரசியலறிஞர் மைக்கேல் சுவே 2001ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், சடங்குகளும் பெருநிகழ்ச்சிகளும் இத்தகைய பொது அறிதலை உண்டாக்குகின்றன என்று விளக்கினார். அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டமாகிய சூப்பர் பவுல் அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று. பலர் பயன்படுத்தினாலன்றிப் பயன்தராத பொருள்களின் விளம்பரங்கள் அவ்வாட்டத்தை நாடுவதற்குக் காரணம், ‘இதனைப் பிறரும் பார்க்கின்றனர்’ என்று ஒவ்வொரு பார்வையாளரும் அறிந்திருப்பதே என்கிறார். 2025ஆம் ஆண்டு சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியா குழு இடைவேளைக்குள்ளேயே 24–0 என முன்னணி பெற்றுவிட்டது. ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்தபோதிலும் அமெரிக்காவில் சராசரியாக 127 மில்லியனுக்கும் மேற்பட்டோர் அதனைப் பார்த்தனர். கூட்டம் கூட்டத்தை ஈர்க்கிறது. மறுநாள் உரையாடலில் இடம்பெற வேண்டுமெனில் இன்றிரவு பார்த்திருக்க வேண்டும்.

5. ‘நாம்’, ‘நாங்கள்’, ‘கித்தா’, ‘காமி’

ஐந்தாவது காரணம் தன்னிலைப் பன்மைப் பெயர். 2010ஆம் ஆண்டு டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவைச் சந்தித்தது. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் 3–0 என வென்ற மலேசியா, 29ஆம் நாள் ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றாலும், மொத்தத்தில் 4–2 என முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது. கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த குழு அது. டிசம்பர் 31ஆம் நாளைப் பொது விடுமுறையாக அரசாங்கம் அறிவித்தது. அன்று மலேசியர் சொன்ன சொற்றொடர் ‘அவர்கள் வென்றார்கள்’ என்பதன்று. ‘நாம் வென்றோம்’ என்பதே. பந்தைத் தொடாதவர், அரங்கிற்குச் செல்லாதவர், வீட்டு நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அனைவரும் அவ்வினையின் எழுவாய்க்குள் அடங்கினர்.

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. விலக்கி நிற்பது ‘நாங்கள்’. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்றும் பின்னதைத் தனித்தன்மைப் பன்மை என்றும் பாடநூல்கள் வழங்கும். மலாய்மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு: ‘கித்தா’ என்பது ‘நாம்’, ‘காமி’ என்பது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். எனவே, ஆங்கிலத்தில் மறைந்திருக்கும் ஒன்றைத் தமிழும் மலாயும் பேசுவோர் எளிதில் உணரலாம். இரு மாநிலக் குழுக்கள் மோதும்போது ஒரு குழுவின் ஆதரவாளர் மற்றவரிடம் ‘நாங்கள் வென்றோம்’ என்கிறார். நாட்டுக் குழு ஆடும்போது அவ்விருவரும் ‘நாம்’ என்கின்றனர். ஓர் ஆட்டத்தில் ‘நாம்’ என்னும் சொல் எவ்வளவு பேரை உள்ளடக்க இயலுமோ, அவ்வளவுக்குப் பார்வையாளர் தொகையும் பெருக இடமுண்டு என்பது எமது கருத்து.

மலேசியாவோ சிங்கப்பூரோ இதுவரை உலகக் கிண்ண இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றதில்லையே, பின் 2014ஆம் ஆண்டு இறுதியாட்டத்தை இங்குள்ளோர் ஏன் அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருந்து பார்த்தனர் என்று கேட்கலாம். இங்கு ‘நாம்’ இரவலாகப் பெறப்படுகிறது. தந்தை ஆதரித்த குழுவை மகன் ஆதரிக்கிறான். நண்பருள் பாதிப் பேர் ஒரு பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமும் சேர்கின்றனர். பக்கம் சேர்ந்தபின் பார்ப்பவர் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை.

6. ‘நாம்’ சுருங்கும் நேரம்

இச்சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. உளவியலறிஞர் ராபர்ட் சியால்டினியும் உடனாய்வாளர்களும் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடம் தொலைபேசிவழி அவர்கள் பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டனர். வென்ற ஆட்டத்தை விவரித்தோர், தோற்ற ஆட்டத்தை விவரித்தோரைவிடத் தன்மைப் பன்மையைக் கூடுதலாகப் பயன்படுத்தினர். வெற்றியில் ‘நாம்’, தோல்வியில் ‘அவர்கள்’.

இது நகைப்புக்குரிய சிறு பழக்கமாகத் தோன்றலாம். ஆனால் 2021ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் நிகழ்ந்ததை நினைவிற்கொள்ள வேண்டும். இங்கிலாந்து பெனால்டி உதைகளில் இத்தாலியிடம் தோற்றது. உதையைத் தவறவிட்ட ரேஷ்ஃபர்ட், சாஞ்சோ, சாக்கா ஆகிய மூன்று கறுப்பின வீரர்கள்மீது சமூக ஊடகங்களில் இனவெறி வசைகள் பொழியப்பட்டன. ஆட்டம் முடியும்வரை ‘நாம்’ என்னும் சொல்லுக்குள் இருந்தவர்கள், ஓர் உதையின் தொலைவில் சிலரால் ‘அவர்கள்’ ஆக்கப்பட்டனர். பலரோ அவ்வீரர்களுக்கு ஆதரவாகத் திரண்டு, ‘நாம்’ என்பதைச் சுருங்கவிடாமல் காத்தனர் என்பதும் உண்மை. பெருந்திரளை ஒன்றுசேர்க்கும் ஆற்றல் எதுவோ, அதுவே பிரிக்கவும் வல்லது. பல இனத்தவரும் பல மொழியினரும் சேர்ந்து வாழும் நம் நாடுகளில் இது கருதத்தக்கது.

7. வகுப்பறைக்கு ஒரு பணி

ஆசிரியர்கள் இதனை எளிய மொழிப்பயிற்சியாக அமைக்கலாம். நாட்டுக் குழுவோ பள்ளிக் குழுவோ ஆடிய அடுத்த நாள், ஆட்டத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். பின்னர் ‘நாம்’, ‘நாங்கள்’, ‘அவர்கள்’ ஆகிய சொற்களை எண்ணி, வெற்றிக்குப்பின் எழுதியதையும் தோல்விக்குப்பின் எழுதியதையும் ஒப்பிடலாம். மலாய்மொழி வகுப்பில் ‘கித்தா’, ‘காமி’ கொண்டு இதனையே செய்து பார்க்கலாம். இலக்கண நூற்பாவாக மட்டும் கற்ற உளப்பாட்டுப் பன்மை தம் நாவில் எவ்வாறு உலவுகிறது என்பதை மாணவர் அப்போது காண்பர்.

அருமை, முடிவு, முடிவு தெரியாமை, பொது அறிதல், தன்மைப் பன்மை ஆகிய ஐந்தும் கூடும் இடத்திலேயே பெருந்திரள் உருவாகிறது. முதல் மூன்றையும் போட்டியின் விதிகள் தருகின்றன. நான்காவதை ஒளிபரப்பு தருகிறது. ஐந்தாவதைத் தருபவர் பேசுவோரே. தோற்ற நாளிலும் ‘நாம் தோற்றோம்’ என்று சொல்லும் பழக்கம் ஒரு சமூகத்திற்கு இருக்குமாயின், அந்த ‘நாம்’ உறுதியானது என்று கொள்ளலாம்.