இதயம் பிழைத்தது... நினைவு போச்சு!
தலையில் மெல்லிய மின்சாரம்: டாக்டர்கள் சோதனை

இதய ஆபரேஷன் முடிந்து பெரியவர் வீடு திரும்புகிறார். நெஞ்சுவலி போயே போச்சு! ஆனால் மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரியவில்லை. பேரன் பெயர் வாயில் வர மாட்டேன் என்கிறது.

"வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக டாக்டர்கள் விடவில்லை. பைபாஸ் ஆபரேஷன் ஆன 261 பேரை 5 ஆண்டுகள் கவனித்து, 2001-ல் கணக்கை வெளியிட்டார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது 100-க்கு 53 பேருக்கு மூளைத்திறன் குறைந்திருந்தது. 6 மாதத்தில் அது 24 ஆக இறங்கியது. அப்பாடா என்று பார்த்தால், 5-வது ஆண்டில் மறுபடியும் 42!

பழி முழுவதும் கத்தி மேல் இல்லை. வயதுக்கும் ரத்தக்குழாய் நோய்க்கும் இதில் பங்கு உண்டு.

இதைத் தடுக்க இப்போது புது வழி ஒன்று சோதனையில் இருக்கிறது. வெட்டு இல்லை, மயக்க மருந்து இல்லை. தலையில் இரண்டு பட்டைகள் வைத்து, 1 அல்லது 2 மில்லியாம்ப் மின்சாரம், சுமார் 20 நிமிடம். மூளை செல்களைச் சுறுசுறுப்பாக்குவதே நோக்கம். பழைய 'ஷாக்' வைத்தியம் அல்ல இது. பெரும்பாலும் தோலில் லேசாக அரிக்கும், அவ்வளவுதான்.

கைகண்ட வைத்தியம் என்று இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் பேட்டரியை வைத்து யாரும் விளையாட வேண்டாம்!

அதுவரை? பெரியவர் கண் விழித்ததும் கண்ணாடியையும் காது மிஷினையும் எடுத்துக் கொடுங்கள். ராத்திரி தூங்க விடுங்கள். பகலில் பேச்சுக் கொடுங்கள். பேச்சு குழம்பினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதற்குக் காசு செலவில்லை!