வீட்டுச் சாடிகளிற் பாகற் செய்கை

பாகல் வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிப்பயிராகும். பேச்சு வழக்கில் இது பாவல் எனவும் பெயர் பெறும். நல்ல வெயிலும், நீர் இலகுவில் வடியும் மண்ணும் இதற்கு வேண்டும். வேரடியில் நீர் தேங்குவதை இப்பயிர் பொறுப்பதில்லை. ஆகவே, வயலை அண்டிய தாழ்ந்த வளவுகளில் நிலத்தில் ஊன்றிய பாகல், வடகீழ்ப் பருவமழை மிகும்போது அழுகிப் போகின்றது. பெரும்போக வேலை மிகுந்திருக்கும் அந்நாட்களிலேயே கமக்காரர் தம் வீட்டுக்கு வேண்டிய மரக்கறியைக் காசு கொடுத்து வாங்க நேருகின்றது. நிலமட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்த சாடிகளில் இப்பயிரைச் செய்தால் இவ்விடரைத் தவிர்க்கலாம். நீர் குறைந்த வரண்ட பகுதிகளில், அரிசியும் மரக்கறியும் கழுவிய நீரே இரண்டொரு சாடிகளுக்குப் பெரிதும் உதவும்.

சாடியும் மண்ணும்

ஒன்றேகால் அடிக்குக் குறையாத ஆழமும் அகலமும் கொண்ட எந்தப் பாத்திரமும் ஏற்றதாகும். மட்சாடி, பழைய வாளி, வெறுமையான உரப்பை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். அடியில் விரற்பருமனான துளைகள் நான்கைந்து இட்டு, மண் வெளியேறாதவாறு ஒவ்வொரு துளையின் மேலும் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தல் வேண்டும். சாடியைச் செங்கற்களின் மீது வைத்தால் மழைநீர் தடையின்றி வடியும்.

மேல்மண் 2 பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு 1 பங்கு, மணல் அல்லது தும்புத்தூள் 1 பங்கு என்னும் அளவிற் கலந்து நிரப்புக. உக்காத சாணம் இளவேரைக் கருக்குமாதலால் அதனை இடலாகாது.

விதையும் நடுகையும்

எம்.சி. 43, திருநெல்வேலி வெள்ளை, மாத்தளைப் பச்சை என்பன இலங்கையில் நன்கறியப்பட்ட இனங்களாகும். பாகல் விதையின் ஓடு தடித்தது. எனவே விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். அதற்கு மேலும் நீரில் விட்டால் விதை அழுகக்கூடும். சாடிக்கு மூன்று விதைகளை முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றி, மண்ணை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளை வெளிப்படும். நாற்றுகள் நான்கு இலை விட்டதும் திடமான ஒன்றை மாத்திரம் நிறுத்தி, ஏனையவற்றை அடியில் வெட்டிவிடுக. பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும்.

கொடி படர்வதற்கு ஆறடி உயரத்திற் கம்பு நாட்டிக் கயிற்றுவலை கட்டுதல் வேண்டும். வலையை எட்டும் வரை அடியில் எழும் பக்கக்கிளைகளைக் கிள்ளிவிடுதல் நன்று.

நீரும் பசளையும்

நிலத்தில் வளரும் கொடி ஈரத்தைத் தேடி வேரைத் தூரத்துக்குச் செலுத்தும். சாடியில் வளரும் கொடிக்கு அவ்வாய்ப்பில்லை. ஆகையால் நாள்தோறும் விரலால் மண்ணைச் சோதித்து, ஓரங்குல ஆழத்தில் ஈரமில்லையாயின் நீர் ஊற்றுதல் வேண்டும். கடும் வெயிலில் காலையும் மாலையும் நீர் வேண்டப்படும். மண்ணின் மேல் வைக்கோல் பரப்பினால் ஈரம் நிலைக்கும். இரு வாரங்களுக்கு ஒருமுறை இரு கைப்பிடி கூட்டெரு இடுக. யூரியாவை மிகுதியாக இட்டால் இலையும் கொடியும் தழைக்குமேயன்றிக் காய் பெருகாது.

பூவும் பிஞ்சும்

கொடி பூத்தும் காய்க்கவில்லை என்று கருதி அதனைப் பிடுங்கி எறிவோர் உளர். இது வீண் நட்டமாகும். பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வெவ்வேறாகத் தோன்றும். முதலில் மலர்வன ஆண் பூக்களே. அவை உதிர்தல் இயல்பு. சில நாட்கள் சென்ற பின்னரே பெண் பூக்கள் தோன்றும். பூவின் கீழே காம்பிற் சிறுபிஞ்சு ஒன்று காணப்படுமாயின் அது பெண் பூவாகும்.

தேனீக்கள் வராத இடத்தில் பெண் பூவின் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். அங்கு கையினால் மகரந்தச் சேர்க்கை செய்தல் வேண்டும். காலையில் பூக்கள் மலர்ந்தவுடன் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுக. வெயில் ஏறிய பின் செய்வதிற் பயன் குறைவு.

பழ ஈ

பாகலுக்குப் பெருங்கேடு விளைப்பது பழ ஈயாகும். இது பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். புழுக்கள் உள்ளிருந்து தின்னக் காய் கோணி, மஞ்சளாகி, அழுகும். உட்புகுந்த புழுவை மேலே தெளிக்கும் நஞ்சு எளிதில் அணுகாது. மேலும், இரு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறித்துச் சமைக்கும் வீட்டுக் கொடிக்கு நஞ்சு தெளிப்பது உண்பவருக்கு ஆபத்தாகும். அது தேனீக்களையும் அழிக்கும்.

பிஞ்சு பெருவிரலளவு ஆனதும், செய்தித்தாளை இருமடியாக ஒட்டிச் செய்த விசாலமான பையினால் மூடி, வாயைக் காம்புடன் தளரக் கட்டிவிடுதலே சிறந்த காப்பாகும். மழையிற் கிழிந்த பையை உடன் மாற்றுக. புழுப்பட்ட காய்களைக் கொடியின் கீழே விடலாகாது. புழுக்கள் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவரும். அத்தகைய காய்களை இறுகக் கட்டிய பொலித்தீன் பையில் இட்டு வெயிலில் வைத்து அழித்தல் வேண்டும். இலையைச் சுரண்டும் புள்ளி வண்டுகளையும், இலையின் கீழுள்ள அவற்றின் மஞ்சள் முட்டைகளையும் கையாற் பொறுக்கி அழிக்கலாம்.

அறுவடையும் விதையும்

விதை ஊன்றி ஏறக்குறைய இரண்டு மாதங்களில் முதலாவது காயைப் பறிக்கலாம். பழுக்கத் தொடங்கு முன்னர், இளமையாயிருக்கும்போதே காயைக் கத்தியால் வெட்டுக. முற்றிய காய்களைக் கொடியில் விட்டுவைத்தால் புதுக்காய் பிடிப்பது குறையும்.

விதைக்கென நோயற்ற கொடியில் நல்ல காய்கள் இரண்டை மாத்திரம் பழுக்க விடுக. பழம் செம்மஞ்சளாகி வெடிக்கத் தொடங்கியதும் எடுத்து, விதையைச் சூழ்ந்த சிவந்த சதையைக் கழுவி நீக்கி, நிழலில் நன்கு உலர்த்தி, இறுக மூடிய போத்தலிற் சேமிக்கலாம். கலப்பின விதையிலிருந்து வளர்ந்த கொடியின் விதை தாய்க்கொடியின் குணத்தை அப்படியே தராது. ஆதலால் அதனைச் சேமிப்பதிற் பயனில்லை. மேலதிக ஆலோசனை வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.