வில்லிசையும் குரலும்

நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில், நாங்குநேரியைச் சூழ்ந்த சிற்றூர்களில், கோயிற்கொடை நிகழும் இரவுகளிலே வில்லுப்பாட்டின் ஓசை நெடுந்தொலைவு கேட்கும். சுடலைமாடன், இசக்கியம்மை, முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கப்படும் கொடைகளில், அத்தெய்வத்தின் பிறப்பும் செயலும் முடிவும் கதையாகப் பாடப்பெறும். இக்கதைகள் பல இன்று அச்சில் கிடைக்கின்றன. ஆயினும் நூலில் நாம் காண்பது இக்கலையின் ஒரு பாதியே. மறு பாதி பாடுவோரின் குரலில் உள்ளது.

மணிகள் கோத்துக் கட்டிய நீண்ட வில்லின் நடுப்பகுதி, மண்குடத்தின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். தலைமைப் பாடகரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைப்பர். அவர் இரு வீசுகோல்களால் வில்லின் நாணை அறைய, நாணும் மணிகளும் ஒருங்கே ஒலிக்கும். குடத்தின் வாயைத் தட்டையான மட்டையொன்றால் அடிப்பவர் ஒருவர். உடுக்கையும் தாளமும் கட்டையும் ஏந்தியோர் பிறர். இவர்கள் வலப்பக்கத்தார், இடப்பக்கத்தார் எனப் பிரிந்து அமர்வர். புலவர் ஓரடியைப் பாடிவிட, இடப்பக்கத்தார் அதனைத் தாங்கிப் பாடுவர். அவர் மூச்சு வாங்கும் இடைவெளி கேட்போர்க்குத் தெரியாமல் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

பாட்டு நின்று வசனம் தொடங்கும்போது குரல் வேறுபடுகின்றது. புலவர் ஊரார் பேசும் மொழியிலேயே கதை சொல்வார். இடப்பக்கத்தார் “ஆமாம்” என்பர். இச்சிறு சொல்லை அச்சிட்டுப் பார்த்தால் வெறும் ஒப்புதலாகத் தோன்றும். பாடுங்கால் அதுவே வியப்பாகும், ஐயமாகும், நகையாகும், சில நேரம் அழுகையும் ஆகும். கதைத் தலைவன் துன்புறுமிடத்து ஒலிக்கும் “ஆமாம்” என்னும் குரலுக்கு எந்த எழுத்தும் ஈடாகாது. அளபெடை என்னும் பெயரால் ஓசை நீளுதலை நம் இலக்கணம் எழுத்தில் காட்டுகின்றது. குரல் நடுங்குதலையும் தழுதழுத்தலையும் காட்டும் குறி ஏது?

பொதிகை மலையடியில் வழங்கும் முத்துப்பட்டன் கதையைக் காண்போம். அந்தணனாகிய பட்டன், வாலப்பகடையின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவர்மீது காதல் கொண்டு, பூணூலைத் துறந்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்று அவர்களை மணக்கிறான். பின்னர் ஆநிரை கவர வந்த கள்வரோடு பொருது மடிகிறான். தாமிரவருணிக் கரையில், காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் அவன் பட்டவராயனாக வழிபடப்படுகிறான். அவனுக்கு இன்றும் செருப்பே காணிக்கை. இத்தகைய கதைகளில் சாவு நெருங்கும் கட்டம் வந்ததும் தாளம் விரைகின்றது. வசனம் குறைகின்றது, உடுக்கையும் குடமும் முடுகுகின்றன, புலவரின் குரல் மேலே ஏறுகின்றது. அவ்வேளையில்தான் கூட்டத்தில் நிற்கும் சாமியாடியின்மேல் தெய்வம் இறங்குவதாக மக்கள் நம்புகின்றனர். சொற்பொருள் மட்டுமே அவரை ஆட்டுமாயின், அக்கதையை வீட்டில் இருந்து படிக்கும்போதும் அவர் ஆடவேண்டும் அன்றோ?

இக்கதையை ஆராய்ந்து பதிப்பித்தவர், நாங்குநேரியில் 1917ஆம் ஆண்டு பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை ஆவார். அவ்வூர்ப் பெருமாளின் திருப்பெயரே அவர் பெயருமாயிற்று. ஏட்டிலும் வாய்மொழியிலும் சிதறிக் கிடந்த கதைப்பாடல்களை அவர் தொகுத்திராவிடில், இன்று பல கதைகளின் சொல்லும் நமக்குக் கிட்டியிராது. எனினும் அச்சுக்கலை சொல்லையே காக்க வல்லது. ஓசையைக் காக்கும் பணி ஒலிப்பதிவுக் கருவியைச் சார்ந்தது. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டைக் கொடை நடக்கும் களத்திலேயே இருந்து ஆராய்ந்தார்; பாட்டையும் அது பாடப்படும் நிகழ்ச்சியையும் ஒருங்கே நோக்கும் அவரது நூல் 1988இல் வெளிவந்தது.

இவ்வுண்மை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டில் பெருந்தொகையினராய் வாழும் யொரூபா மக்களின் மொழியில், குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். ‘ஒக்கொ’ என்னும் சொல் ஒரு குரலில் கணவன் என்றும், மற்றொரு குரலில் களைக்கொட்டு என்றும், வேறொரு குரலில் படகு என்றும் பொருள்படும். ஆதலின், அங்கே வேட்டுவர் பாடும் ‘இஜாலா’ என்னும் பாட்டில் சொல்லின் ஏற்ற இறக்கத்தை மறந்து மெட்டு அமைத்தல் இயலாது. இரும்பின் தெய்வமாகிய ஒகூனைப் போற்றும் அப்பாட்டுகளை அடெபோயே பாபலோலா என்பார் ஆராய்ந்து 1966இல் நூலாக்கினார். இடை சிறுத்த முழவொன்றின் கயிறுகளை அக்குளில் இறுக்கியும் தளர்த்தியும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே முழக்கிக் காட்டும் திறனும் அவர்களுக்கு உண்டு. நம் உடுக்கையும் இடை சிறுத்ததே; அதன் கயிற்றைக் கையால் அழுத்தியே ஓசையை உயர்த்துகிறோம். நம் உடுக்கை சொற்களைப் பேசுவதில்லை; ஆனால் பாடுவோன் விம்முமிடத்தில் தானும் விம்மும்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகமும் வில்லுப்பாட்டைக் கோயில் முற்றத்திலிருந்து நகர மேடைக்குக் கொணர்ந்தனர். காந்தியடிகளின் கதையும் வில்லில் ஒலித்தது. மேடையில் நகைச்சுவையும் அறிவுரையும் ஓங்கின. விடியும்வரை பாடும் வழக்கம் சுருங்கிற்று. கொடைக்களத்திலோ, பாட்டின் அளவை வகுப்பது கடிகாரம் அன்று. சாமியாடியின் நிலையை நோக்கியே புலவர் பாட்டை நீட்டுகிறார், அல்லது குறுக்குகிறார்.

இக்கலையைப் பயில விழையும் இளைஞன் நூலைக் கையில் எடுத்தலோடு அமைவதில்லை. தாளத்தை ஏந்தி இடப்பக்கத்தில் அமர்ந்து, எவ்விடத்தில் எக்குரலில் “ஆமாம்” சொல்லவேண்டும் என்பதைப் பல கொடைகளில் கேட்டே அறிகிறான்.