மன்றம் கூடும் மலை – 14: பத்து ரூபாய் பாட்டில்

போன வாரம் ஊட்டி மார்க்கெட்டில் விட்டோம்: 2021 ஆகஸ்ட், நகராட்சிக்குக் கோடிக்கணக்கில் வாடகை நிலுவை, எழுநூறுக்கும் மேற்பட்ட கடைகளுக்கு சீல். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் குன்னூர் மார்க்கெட் என்று சொல்லியிருந்தேன். போவோம். அதற்கு முன் ஒரு காலி பாட்டிலைப் பற்றி எழுதியாக வேண்டும். அதை வைத்துக்கொண்டு என்னால் மார்க்கெட்டுக்குள் நுழைய முடியவில்லை.

கேரள அரசு 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களின் சில மதுக்கடைகளில் ஒரு சோதனையைத் தொடங்கியது. பாட்டிலுக்கு 20 ரூபாய் முன்பணம். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் நடப்பதைப் பார்த்தே இதைக் கொண்டுவருவதாக அந்த மாநில அமைச்சரே சொன்னார். தமிழ்நாட்டில் அது எங்கே தொடங்கியது? நம் நீலகிரியில், 2022 மே 15 அன்று. மாதத்தைக் கவனியுங்கள். சீசன் உச்சத்தில் இருந்தது, மலர்க் கண்காட்சிக்குச் சில நாட்களே இருந்தன, ஊட்டி தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஆண்டிலேயே மிகக் கடினமான மாதத்தில் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கி, அதை நிலைநிறுத்திக் காட்டிய மாவட்டம் இது. இந்த மலையின் முடிவுகளைப் பற்றி வாராவாரம் எழுதுகிற எனக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இந்த ஆண்டில் வரவில்லை.

நடைமுறை எளிமையானது. டாஸ்மாக் கடையில் பாட்டில் வாங்கும்போது விலைக்கு மேல் பத்து ரூபாய் கொடுக்க வேண்டும். பாட்டிலில் ஓர் அடையாள ஸ்டிக்கர் இருக்கும். குடித்து முடித்துக் காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் பத்து ரூபாய் கைக்கு வரும். உத்தரவு சென்னை உயர் நீதிமன்றத்தில், வனம் தொடர்பான வழக்குகளைக் கேட்கும் அமர்விலிருந்து வந்தது. காட்டிலும் காட்டோரச் சாலைகளிலும் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து வனவிலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன என்பதே வழக்கின் மையம்.

யானையின் பாதத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தனை எடையையும் தாங்குகிற அந்தப் பாதத்தின் உட்பகுதி கெட்டியானது அல்ல; கொழுப்பும் நாரும் கலந்த மெத்தென்ற திசு. ஒவ்வொரு அடிக்கும் அது விரிந்து சுருங்கும். அதற்குள் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டால், அடுத்த அடியின் எடையே அதை மேலும் உள்ளே தள்ளும். காயத்துக்கு ஓய்வு கொடுக்க யானையால் முடியாது. தீனிக்கும் தண்ணீருக்கும் அது நடந்தே ஆக வேண்டும். கூடலூர், மசினகுடி பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காட்டுமாடும் கரடியும் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளேயே உலவும் கோத்தகிரி, குன்னூர் பக்கத்தவர்களுக்கும் தெரியும். இன்னொரு பாதத்தையும் மறக்கக் கூடாது. சாலையோர எஸ்டேட்டுகளில் ரப்பர் செருப்போடு கொழுந்து பறிக்க இறங்கும் பெண்களின் கால்களுக்கும் அந்தச் சில்லுகள் காத்துக்கிடந்தன. காரில் வந்தவர் வளைவில் நின்று குடித்துவிட்டுச் சரிவில் வீசிய பாட்டில், செடிகளுக்கு நடுவில்தான் போய் விழும்.

இந்தப் பத்து ரூபாயில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. குடித்தவர் திருந்த வேண்டும் என்று இந்த ஏற்பாடு காத்திருக்கவில்லை. அவர் வீசினாலும் பாட்டிலின் மதிப்பு போய்விடுவதில்லை. பின்னால் வருகிற யாருக்கும் அது பத்து ரூபாய். முன்பு காலி பாட்டிலைப் பழைய இரும்புக்கடையில் போட்டால் ஒன்றிரண்டு ரூபாய் தேறுவதே அதிகம். அதற்காக யாரும் சரிவில் இறங்க மாட்டார்கள். பத்து ரூபாய்க்கு இறங்குவார்கள். பத்துப் பாட்டில் சேர்ந்தால் நூறு ரூபாய். தொடங்கிய மாதங்களில் திரும்பி வந்த பங்கு குறைவுதான். பிறகு அது ஏறி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. அதைப் பார்த்த நீதிமன்றம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிக்கச் சொன்னது. பெரம்பலூர், கோவை என்று தொடங்கி அது மாநிலம் முழுக்கப் பரவியது.

உலகத்தில் இது புதிதா என்றால் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971இலேயே பாட்டில் முன்பணத்துக்குச் சட்டம் போட்டது. ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை பயன்படுத்தி வீசும் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 செண்ட் முன்பணம். அங்கே திரும்பி வராதவை மிகக் குறைவு. ஆனால் அங்கே ஒரு விலக்கு இருக்கிறது. பீர், தண்ணீர், குளிர்பானம் எல்லாம் முன்பணத்துக்குள் வரும். ஒயினும் விஸ்கி போன்ற மதுவகைகளும் கண்ணாடி பாட்டிலில் விற்றால் அந்த விதிக்குள் வராது. அவர்கள் விட்டுவைத்த இடத்தில் நீலகிரி தொடங்கியிருக்கிறது. குவார்ட்டர் பாட்டிலில் தொடங்கியிருக்கிறது.

ஏன் நம்மால் முடிந்தது? தமிழ்நாட்டில் 2003 கடைசியிலிருந்து மதுவைச் சில்லறையாக விற்பது டாஸ்மாக் மட்டும்தான். நீலகிரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கடைகள். அத்தனைக்கும் ஒரே முதலாளி. ஜெர்மனியில் ஒரு கடையில் வாங்கிய பாட்டிலை இன்னொரு கடையில் திருப்பிக் கொடுத்தால், அந்த 25 செண்ட் யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்குப் போகும் என்று பார்க்கத் தனி அமைப்பே தேவைப்படுகிறது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் ஒரே நிறுவனத்தின் கை. விற்பவர் ஒருவர் என்பதால்தான் முன்பணம் வேலை செய்தது. இதை மனதில் வையுங்கள், மார்க்கெட்டுக்குப் போகும்போது வேண்டும்.

இதே மலையில் பிளாஸ்டிக்குக்கு எதிரான போராட்டம் இதைவிட மூத்தது. சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது 2001இல் தொடங்கிய ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’, நாட்டில் அதிகம் பேசப்படாத காலத்திலேயே பிளாஸ்டிக் பைகளை விரட்டியது. 2019 ஆகஸ்ட் 15இலிருந்து சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை வந்தது. ஊர்கள்தோறும் தண்ணீர் ஏ.டி.எம்.கள் வைக்கப்பட்டன. இரண்டும் அரிய முடிவுகள். இந்த மலை குப்பைமேடாகாமல் இருப்பதில் அவற்றின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தடை ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் கக்கநல்லாவிலும் நிற்கும் ஊழியர் காரின் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். நூறு வண்டியில் பத்து தப்பினாலும் அந்தப் பத்தின் குப்பை மேலே ஏறிவிடும். ஏறியதை யார் பொறுக்குவது? நகராட்சியின் தூய்மைப் பணியாளர். கண்ணாடி பாட்டிலுக்குக் கிடைத்த கூலி, பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்குகிற கைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

டாஸ்மாக் ஊழியர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நெருக்கடியான கடைக்குள் காலி பாட்டில் மூட்டைகளை எங்கே அடுக்குவது, எண்ணி வாங்க ஆள் எங்கே, அந்தக் கூடுதல் வேலைக்கு என்ன ஊதியம் என்று அவர்கள் கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்வி. யானைக்கு நல்லது நடக்கிறது என்பதற்காகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவரின் முதுகில் சுமையை ஏற்றிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. ஆள் போட வேண்டும், இடம் கொடுக்க வேண்டும்.

இந்தத் தொடர் எதற்காக எழுதப்படுகிறது என்பதற்கு இப்போது வருகிறேன். பத்து ரூபாயை முடிவு செய்தது எந்த நகராட்சி மன்றமும் அல்ல. ஊட்டி, குன்னூர் நகராட்சிகள் இரண்டும் 1866இல் அமைந்தவை; தமிழ்நாட்டின் மிகப் பழைய நகராட்சிகளின் வரிசையில் நிற்பவை. ஊட்டியில் 36 வார்டுகள், குன்னூரில் 30, கூடலூரிலும் நெல்லியாளத்திலும் தலா 21. இத்தனை மன்றங்கள் இருந்தும் பெரிய முடிவுகள் வெளியிலிருந்தே வந்தன. கட்டடம் ஏழு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலைப்பகுதிக்கான மாநில விதி. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்ற வரம்பு, இவையெல்லாம் நீதிமன்றத்தின் உத்தரவுகள். பிளாஸ்டிக் தடை ஆட்சியரின் முடிவு. பாட்டில் மறுபடியும் நீதிமன்றம்.

இதற்கு ஒரு காரணத்தை நாம் மறந்துவிடுகிறோம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டின் நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. ஊட்டி மார்க்கெட் கடைகளுக்கு 2021இல் சீல் வைக்கப்பட்டபோது, எழுந்து நின்று எதிர்க்கவோ ஆதரிக்கவோ ஒரு கவுன்சிலர் கிடையாது. போன வாரக் கட்டுரையைப் படித்தவர்கள் வாடகை உயர்வால் வியாபாரிகளுக்கு வந்த கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அந்தக் காலி நாற்காலிகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடகை உயர்த்தப்பட வேண்டியதாகவே இருந்திருக்கலாம். அதை மன்றத்தில் வைத்து, வாதாடி, தீர்மானமாக்கியிருந்தால் நிலுவை அந்த அளவுக்கு ஏறியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இப்போது அதே நிலை ஊராட்சிகளுக்கு வந்திருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் 35 கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அங்கேயும் தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராம சபை கூடினாலும், பதில் சொல்லத் தலைவர் இல்லாமல் கூடும்.

மன்றம் இருக்கிற இடத்தில் என்ன செய்யலாம்? திரும்பி வராத பாட்டில்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அவை கடைசியில் ஊட்டியில் தீட்டுக்கல் கிடங்குக்கோ, குன்னூரில் ஓட்டுப்பட்டறைக்கோதான் போகின்றன. அவற்றுக்காக வாங்கிய பத்து ரூபாய்களில் ஒரு பங்கு, அந்தச் சில்லை அள்ளுகிற நகராட்சிக்கு வர வேண்டும். இதற்கு ஒரு மன்றத் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்ப எந்தத் தடையும் இல்லை. ஓட்டுப்பட்டறையைப் பார்த்தவர்களுக்கு, உள்ளாட்சி முன்வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். ‘கிளீன் குன்னூர்’ தன்னார்வ அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து அந்தக் குப்பைமேட்டைத் தரம்பிரிக்கும் மையமாகவும் பூங்காவாகவும் மாற்றியது. குன்னூர் ஆற்றிலிருந்து குப்பையை அள்ளும் வேலையிலும் அவர்கள் இறங்கினார்கள். அந்த ஆற்றின் கதையே தனிக் கட்டுரை கேட்கிறது, இங்கே இழுத்துவந்தால் முடியாது.

இனி மார்க்கெட். டாஸ்மாக்கில் விற்பவர் ஒருவர் என்பதால் முன்பணம் நடந்தது என்று சொன்னேன். தண்ணீர் பாட்டிலையும் சிப்ஸ் பொட்டலத்தையும் விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதனால் முடியாது என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் மார்க்கெட் கடைகள் அத்தனைக்கும் சொந்தக்காரர் ஒருவர்தான்: நகராட்சி. குன்னூரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகளை இடித்துவிட்டு 41 கோடியே 50 லட்சம் ரூபாயில் புதிதாகக் கட்டும் திட்டம் இருக்கிறது. இடித்தால் எங்களுக்கு மறுபடி கடை கிடைக்குமா, அதுவரை எங்கே வியாபாரம் செய்வது, வாடகை எவ்வளவு ஆகும் என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கொடுக்கப்போகும் ஆவணம் வாடகை ஒப்பந்தம். கடைக்காரருக்கு மறு ஒதுக்கீட்டு உறுதி ஒரு பக்கம், பாட்டிலையும் பொட்டலத்தையும் முன்பணம் வாங்கித் திரும்பப் பெறும் பொறுப்பு மறுபக்கம் என்று, இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிற அதிகாரம் மன்றத்திடமே இருக்கிறது. எந்த நீதிமன்றத்துக்காகவும் அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இடம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அந்த எண்ணூறு கடைகளில் தொடங்குகிறேன்: யார் பெயரில் கடை, யார் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார், தற்காலிகக் கடைகளுக்குக் குன்னூரில் சமதளம் எங்கே கிடைக்கும். குன்னூர் வாசகர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரிடம் மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.