கரண்ட் இல்லாத ஷாக்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் சாலைகளில் குழியே இல்லாத இடத்திலும் கார் தூளி மாதிரி ஆடும். குற்றம் தாருடையதல்ல, அடியில் கிடக்கும் மண்ணுடையது. கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் ஐப்பசி மழையைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் காய்ந்து, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இப்படி உப்பி அமுங்கும் மண்மேல் போட்ட ரோடு நாளடைவில் அலை அலையாகிவிடுகிறது.

அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் காரின் உடம்பு நொடிக்கு ஏறத்தாழ 1.2 தடவை ஏறி இறங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. ஆக, 14 மீட்டருக்கு ஒரு மேடு வந்தால் போதும். ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுவது போல ஒவ்வொரு மேடும் ஆட்டத்தைக் கூட்டும்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிவிட்டுக் குதிக்கும் ஸ்பிரிங்கை அடக்குவதுதான் ஷாக். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே பிதுக்க, ஆட்டம் சூடாக மாறிவிடும். எலக்ட்ரானிக் ஷாக்கில் அந்தத் துளையை ஒரு மின்வால்வு சுருக்கி விரிக்கும். இன்னொரு வகையில் எண்ணெயிலேயே இரும்புத் துகள் கலந்திருக்கும். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் சரமாகக் கோத்து எண்ணெய் இறுகும். 2002-இல் கெடிலாக் செவில் காரில் வந்த நுட்பம் இது.

தெரிந்தவர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசு காரில் பின் எலக்ட்ரானிக் ஷாக் இரண்டும் கசிந்தன. எண்ணெயில் புழுதி அப்பி, அரைத்த மை மாதிரி இருந்தது. புதுசின் விலை அவருக்குக் கட்டவில்லை. “சாதா ஷாக்கைப் போட்டுருவோம்ணே” என்றார் மெக்கானிக். போட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு.

காரின் கம்ப்யூட்டர் சாதா ஷாக்கில் இல்லாத காயிலைத் தேடுகிறது. சுற்று அறுந்திருப்பதாக நினைத்து, பல கார்களில் முன் ஷாக்குகளையும் ஒரே நிலையில் நிறுத்திவிடுகிறது. அதனால் நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. அதே மாடலில், அதே ஸ்பிரிங்கோடு வரும் சாதா ரகத்தின் ஷாக்காகப் பார்த்து வாங்கவேண்டும். விளக்கை அணைக்க, மென்பொருளில் அந்த வசதியை நிறுத்தலாம்; அல்லது காயிலுக்கு ஈடான மின்தடையை இணைக்கலாம். மின்தடை சூடாகும் என்பதால் இரும்புச் சட்டத்தில்தான் பொருத்தவேண்டும், வயர்க்கட்டோடு டேப் சுற்றக்கூடாது. உயரம் பார்க்கும் சென்சாரைக் கழற்றி எறிந்துவிடக்கூடாது. சில கார்களில் ஹெட்லைட்டை ஏற்றி இறக்க உதவுவதும் அதுதான்.

நான்குவழிச் சாலையில் வேகமாக வளைபவருக்கு இது இழப்புதான். பருத்திக் காட்டு ரோட்டுக்கு, செத்த எலக்ட்ரானிக் ஷாக்கைவிட உயிருள்ள சாதா ஷாக் எவ்வளவோ மேல்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் கருவி எதையும் தேடவில்லை. விடிகாலையில், வெயில் ஏறுமுன் திருச்சுழிவரை ஓட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு ஷாக்காகப் புறங்கையால் தொட்டார். நான்கும் ஒரே சூடு.