"ஏற்கெனவே திறந்திருக்கிறது"

சம்பா நடவு முடிந்து மேலுரம் போடும் நாட்களில் ஒரத்தநாட்டு உரக்கடையில் பில் போடும் கணினிதான் அதிகம் திணறும். பழைய கணினியாக இருந்தால் ஐகானை டபுள் கிளிக் செய்தாலும் சட்டென்று ஒன்றும் நடக்காது. "என்ன தம்பி, சிஸ்டம் ஸ்லோவா?" என்று எதிரே நிற்பவர் கேட்பார். கடைப் பையன் இன்னும் இரண்டு தடவை தட்டுவான். சற்று நேரத்தில் ஒரே மென்பொருள் மூன்று ஜன்னல்களாகத் திறந்து நிற்கும்.

மூன்றும் ஒரே கோப்பைத்தான் படிக்கின்றன. கடைசி பில் 411 என்று பார்த்து, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒன்று கூட்டி 412 போடும். ஒரு ஜன்னலில் விற்ற யூரியா மூட்டை இன்னொன்றின் இருப்பில் குறையாது. ராத்திரி கணக்கு இடித்தால் திட்டு பையனுக்கு. என்னைக் கேட்டால், அது மென்பொருள் எழுதியவர் வாங்க வேண்டிய திட்டு.

திறக்கும்போதே "நான் ஏற்கெனவே ஓடுகிறேனா?" என்று மென்பொருள் பார்த்துக்கொண்டால் போதாதா? போதாது. புது ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வாய்க்காலில் ஆளில்லை என்று இருவர் தனித்தனியே பார்த்துவிட்டு, ஆளுக்கொரு மடையைத் திறந்தால் வம்புதான். பார்ப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. பொது இடம் ஒன்றில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையும்படி செய்வது எப்படி என்ற இந்தக் கேள்வியைப் பல கணினிகளுக்குப் பொதுவாகத் தீர்த்து, நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா 1965இல் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

விண்டோஸில் இதற்கு மியூட்டெக்ஸ் என்ற பூட்டு இருக்கிறது. மென்பொருள் தனக்கென ஒரு பெயர் சொல்லிப் பூட்டைக் கேட்கும். அந்தப் பெயரில் பூட்டு முன்பே இருந்தால் 183 என்ற பிழை எண் வரும்; இரண்டாவது பிரதி அத்தோடு விலகிக்கொள்ள வேண்டியதுதான். கேட்பதும் பெறுவதும் ஒரே செயல் என்பதால் நடுவில் யாரும் நுழைய முடியாது.

சிலர் இதற்குப் பதிலாக வட்டில் ஒரு அடையாளக் கோப்பை எழுதிவைக்கிறார்கள். நம் ஊரில் இதை நம்ப முடியாது. கரன்ட் போனால் கணினி அணைந்துவிடும், கோப்பு அப்படியே கிடக்கும். மறுபடி திறந்தால் "ஏற்கெனவே ஓடுகிறது" என்று சாதிக்கும். மியூட்டெக்ஸுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. மென்பொருள் எப்படிச் செத்தாலும் பூட்டை இயங்குதளம் விடுவித்துவிடும்.

இதைச் சரியாகச் செய்யாததால் அமெரிக்காவே அல்லாடியது. 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் ஒரு புழு நிரலை விட்டார். நுழைந்த கணினியில் தன் பிரதி ஏற்கெனவே இருக்கிறதா என்று அது பார்க்கத்தான் செய்தது. ஆனால் யாராவது "இருக்கிறது" என்று பொய்ப் பதில் சொல்லித் தடுத்துவிடலாம் என்று பயந்து, ஏழில் ஒரு முறை எந்தப் பதில் வந்தாலும் தங்கிவிடும்படி எழுதியிருந்தார். பிரதிகள் பெருகிப் பெருகி கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்று அன்று மதிப்பிட்டார்கள்.

மியூட்டெக்ஸுக்கும் எல்லை உண்டு. கடையில் இரண்டு கவுன்ட்டர், இரண்டு கணினி, நடுவில் ஒரே தரவுத்தளம் என்றால் அதால் பயனில்லை. அங்கே பில் எண்ணைத் தரவுத்தளமேதான் பூட்டிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது பிரதியைத் தடுத்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. "ஏற்கெனவே திறந்திருக்கிறது" என்று பெட்டி காட்டி விரட்டுவது அரை வேலை. ஜன்னல் வேறெதற்கோ பின்னால் மறைந்திருப்பதால்தானே ஆள் மறுபடி தட்டுகிறார்? அந்த ஜன்னலை முன்னே கொண்டுவந்து நிறுத்துவதுதான் மரியாதை.

பில் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள், டெமோ காட்ட வருபவர் முன்னாலேயே ஐகானை மளமளவென்று நான்கு தடவை தட்டிப் பாருங்கள். இரண்டு ஜன்னல் திறந்தால், சரிசெய்து கொண்டுவரச் சொல்லிவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.